மூன்றாவது சிப்பியில் ஒரு முடிச்சு

மெர்வின் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தான். நேராகப் பிரிட்ஜிடம் போய், அதன் தலையில் விரித்திருந்த பின்னல் விரிப்பின் மேல் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வைத்தான். சிவப்பு உல்லனில் பின்னிய ஒரு குழந்தைத் தொப்பி. அவன் முஷ்டிக்கு மாட்டினால் சரியாக இருக்கும்.

"ஏட்டி, இங்க வா."

சுவரில் சாய்ந்து பின்னிக்கொண்டிருந்த ஹெப்சிபா ஊசியைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கும் முன்பே அது எந்தத் தொப்பி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. 

"இந்த ஓரத்தைப் பாரு. இந்த விரிப்போட ஓரத்தையும் பாரு. ரெண்டும் ஒண்ணா இல்லையா?"

இரண்டும் ஒன்றுதான். குரோஷா என்கிற கொக்கி ஊசிப் பின்னல் தெரிந்த யாரும் துணியின் ஓரத்தைச் சிப்பி சிப்பியாக முடிப்பார்கள். ஆனால் மூன்று சிப்பிக்கு ஒரு தடவை, சிப்பியின் நெற்றியில் மிளகு போல ஒரு முடிச்சு விழுவது அந்த ஒரு வீட்டில்தான். அம்மா ஏசம்மாள் கல்யாணத்துக்கு முன்னால், ஊழியக்கார அம்மா ஒருத்தியிடம் பழகியபோது தப்பாகப் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. அவிழ்த்துப் போட்டுத் திரும்பப் பின்னச் சொன்னாலும் அவள் கை மூன்றாவது சிப்பியில் முடிச்சைப் போட்டுவிடும். கடைசியில் அதுவே அந்த வீட்டு அடையாளம் ஆகிவிட்டது. பிரிட்ஜ் விரிப்பு, மிக்ஸி உறை, வேதாகமப் பை எல்லாவற்றிலும் அந்த முடிச்சு இருக்கும். வெளியே ஆர்டருக்குக் கொடுக்கும் உடுப்புகளில் மட்டும் ஹெப்சிபா அதைப் போடமாட்டாள். வாங்குகிறவர்கள் தப்பு என்று நினைப்பார்கள்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல டீ குடிக்க நின்னேன்," என்றான் மெர்வின். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "கடை ஆணியில இது தொங்குது. யாரு பிள்ளையோ தவற விட்டுட்டாகளாம், வந்து எடுத்துக்கிடட்டும்னு மாட்டி வச்சிருக்கான் கடைக்காரன். வத்ராப் பஸ்ஸுக்கு நின்னவகளாம். தடுப்பூசி போட வந்தவகளாம். பிள்ளையத் தூக்கிட்டு இருந்த ஆளு கால இழுத்து இழுத்து நடந்தானாம்."

அவன் சிரித்தான்.

"நான் ஒடச்ச காலு எனக்குத் தெரியாதா?"

அந்தக் கால் ஒடிந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அக்கா ஜெனிலா பதிவுத் திருமணம் முடித்த கையோடு, மாலையைக்கூடக் கழற்றாமல் பாலகணேஷுடன் இந்த வாசலுக்கு வந்தாள். அவன் வேறு சாதி, வேறு சாமி. பைக் மெக்கானிக். அம்மா காலில் விழுந்துவிட்டுப் போய்விடுவோம் என்றுதான் வந்தார்கள். மெர்வின் தன் லோடு வேனிலிருந்து ஜாக்கி லிவரை உருவிக்கொண்டு இறங்கினான். முதல் அடியில் பாலகணேஷ் உட்கார்ந்துவிட்டான். இரண்டாவது அடி முழங்காலில். காய்ந்த தென்னை மட்டை முறிவது போல ஒரு சத்தம். ஜெனிலாவின் தலைமுடியைக் கையில் சுற்றித் தெரு முனை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். மாலைப் பூ வழியெல்லாம் சிந்திக் கிடந்தது. தெருவே பார்த்தது. கதவுக்குப் பின்னால் உல்லன் உருண்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஹெப்சிபாவும் பார்த்தாள்.

அப்போது அவள் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பட்டம் வாங்கிய போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியதும் மெர்வின்தான். அதற்குக் கீழே அதே ஆணியில் தன் பெல்ட்டையும் மாட்டிவைப்பான். அப்பா செத்த பிறகு அவன் சொன்னதுதான் அந்த வீட்டில் சட்டம். பட்டத்தை வைத்துக்கொண்டு மில் ஆபீசுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் அலைந்து ஓய்ந்த பிறகு, அம்மாவிடம் கற்ற குரோஷாவை எடுத்தாள். கிறிஸ்மஸுக்குக் கைக்குழந்தை உடுப்பு: சிவப்பில் சின்ன கவுன், வெள்ளை ஓரம், தொப்பி, காலுறை. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவாள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சபைக்குச் சபை ஆள் உண்டு. ஆடி முடிந்தாலே ஆர்டர் வரத் தொடங்கிவிடும்.

திருப்பூருக்குப் போய்விட்ட ஜெனிலா, பிள்ளை உண்டானதும் பாலகணேஷின் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊர்க்காரர்கள் வத்ராப் என்று சொல்லும் வத்திராயிருப்பு பக்கம், கான்சாபுரத்தில் ஒரு மாந்தோப்புக்குள் வீடு. இது ஹெப்சிபாவுக்கு மட்டும் தெரியும். நூல் வாங்கப் போகிற சாக்கில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தடவை அக்காவையும் பிள்ளையையும் பார்த்தாள். பிள்ளையின் முதல் கிறிஸ்மஸ் உடுப்பு தாய்வீட்டிலிருந்து வர வேண்டும். அவர்கள் பக்கத்தில் அது வழக்கம்.

"எனக்கு ஏது தாய்வீடு?" என்றாள் ஜெனிலா. "நீ ஒண்ணு பின்னிக் குடுட்டி. அம்மா போடுத அந்த முடிச்சப் போட்டுக் குடு. எம் பிள்ள அதையாவது தொட்டுப் பாக்கட்டும்."

அடுத்த தடவை அப்படியே போட்டுக் கொடுத்தாள். கிறிஸ்மஸ் வரைக்கும் எடுக்காதே என்றும் சொல்லித்தான் கொடுத்தாள். மலையடிவாரத்துக் குளிருக்குப் பயந்து ஜெனிலா தொப்பியை மட்டும் முன்னாலேயே எடுத்துவிட்டாள் போலிருக்கிறது.

"எந்த ஊரு?" என்றான் மெர்வின்.

"எனக்குத் தெரியாதுண்ணே."

அறை விழுந்தது. பிரிட்ஜில் தலை மோதியது.

"எந்த ஊருன்னு கேட்டேன்."

"சத்தியமாத் தெரியாது. நூல் கடையில வச்சுத்தான் குடுத்தேன்."

அவள் போனை எடுத்துத் திறக்கச் சொன்னான். திறக்கமாட்டேன் என்றாள். அதை வாசற்படியில் வைத்து அம்மிக் குழவியால் ஒரே போடு. கண்ணாடி சிதறி அவள் கால் வரைக்கும் வந்தது. ஆத்திரத்தில் அவன் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான். ஜெனிலாவின் நம்பர் அந்தப் போனில்தான் இருந்தது. ஆனால் அதே அடியில் ஹெப்சிபாவுக்கும் வழி அடைந்துபோனது. அக்காவின் நம்பர் அவளுக்கு மனப்பாடம் கிடையாது.

பிறகு அவன் அவளுடைய இடது கையைப் பிடித்தான். ஆள்காட்டி விரலைத் தனியாகப் பிரித்தான். நூலைச் சுற்றிப் பிடிக்கிற விரல்.

"அம்மா!" என்று கத்தினாள்.

"ஏலே மெர்வின், விட்டுருலே. அவ கன்னி கழியாத பிள்ளலே," என்று அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள் ஏசம்மாள். அவன் ஒரு கையால் அம்மாவைத் தள்ளிவிட்டு, மறு கையால் விரலைப் பின்பக்கமாக மடக்கினான். சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. அவள் கண்ணில் வெள்ளையாக ஏதோ வெடித்தது. ஊர்ப் பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்ததில் நாக்கு கிழிந்து, வாய் முழுக்க ரத்தம். பெயரை அந்த ரத்தத்தோடு சேர்த்து விழுங்கினாள்.

"சொல்ல வேண்டாம்," என்று அவன் மூச்சு வாங்கினான். "நானே பாத்துக்கிடுதேன். கிறிஸ்மஸ் அன்னைக்கு எந்தக் கோயிலுக்காவது வருவாள்ல. பிள்ளைக்கு இதே ஜோடி கவுனைப் போட்டுத்தான வருவா."

தொப்பியின் ஓரத்தை அந்த முடிச்சு தெரியும்படி படம் எடுத்தான். தன் கூட்டாளிகள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டான். லோடு வேன் ஓட்டுகிறவர்கள், மில் ஷிப்டுக்காரர்கள், ஊர் ஊருக்கு ஆள். 'இந்த மாதிரி முடிச்சு வச்ச செவப்பு உடுப்புல பிள்ளையப் பாத்தா ஒடனே போன் போடு. என் குடும்ப மானம்.' வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் வந்து விழுந்தன. ஒருத்தன் அரிவாள் படம் போட்டிருந்தான். மெர்வின் அதை அவளிடமே நீட்டிக் காட்டிவிட்டுப் போனான்.

மறுநாளிலிருந்து அவள் வாசல் தாண்டக் கூடாது. உடுப்பு வாங்க வருகிறவர்கள் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். அப்படி வருகிறவர்களில் யாரிடமாவது சொல்லி அனுப்பலாமா என்று யோசித்தாள். சொல்வதென்றால் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். வெளியே போன பெயர் யார் வாய் வழியாக எங்கே போய்ச் சேரும் என்று யார் கண்டது? அந்தக் குழுவில் யார் வீட்டு ஆள் இல்லை?

விரலுக்குப் பேண்டேஜ் துணியால் ஏசம்மாள் கட்டுப் போட்டாள். பேண்டேஜ் துணி நெய்வதே தொழிலான அந்த ஊரில் அதற்கா பஞ்சம். ஹெப்சிபா நூலை நடுவிரலுக்கு மாற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் உடைந்த விரல் தெறித்தது. பின்னி முடித்த உடுப்புகள் ஒரு பெரிய துணிப்பை நிறைய இருந்தன. எல்லாம் சிவப்பு. ஓரம் மட்டும் முடிக்க வேண்டும்.

அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்காவின் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கப்போவது அந்த முடிச்சு. அதை இனிமேல் அவிழ்க்க முடியாது. ஆனால் எல்லாப் பிள்ளைகளின் உடுப்பிலும் அதே முடிச்சு இருந்தால்?

முதல் கவுனை எடுத்தாள். சிப்பி, சிப்பி, மூன்றாவது சிப்பியில் முடிச்சு. மெர்வின் வேனோடு புனலூர்ப் பக்கம் போயிருக்கும் நேரமெல்லாம் பின்னினாள். அவன் வருகிற சத்தம் கேட்டால் பை கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

இரண்டாம் நாளே அம்மா கண்டுபிடித்துவிட்டாள். ஒரு காலுறையை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஆர்டருக்கா இதப் போடுத?"

"ஆமா."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

ஏசம்மாள் வாசலைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு ஊசியை எடுத்தாள்.

"ஜெனிலா உசுரோட இருக்கணும். மெர்வினும் செயிலுக்குப் போயிரக் கூடாது. எனக்கு ரெண்டும் வேணும்ட்டி," என்றாள். அவள் கை முடிச்சுப் போடும் வேகத்துக்கு மகளால் ஈடு கொடுக்க முடியவில்லை.

ஒவ்வொருவராக வந்து உடுப்பு வாங்கிப் போனார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கேத்ரின் வந்தாள். வாயாடி. புருஷன் பாண்டிச்செல்வம் ஆறுமாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றான்.

"இது என்னக்கா புதுசா முடிச்சு முடிச்சா இருக்கு? போட்டோவுல இல்லையே?"

"இந்த வருஷத்து மாடல்," என்றாள் ஹெப்சிபா.

"பாருங்க, முத்து வச்ச மாதிரி இருக்கு. நீங்களுந்தான் எனக்கு என்னைக்காவது முத்துல எதாச்சும் வாங்கித் தந்திருக்கியளா?"

"ஒன்னையக் கட்டுனப்பவே என் முத்தெல்லாம் உதுந்து போச்சு," என்றான் பாண்டிச்செல்வம். கேத்ரின் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "கையில என்னக்கா கட்டு?" என்று கேட்டாள். "கதவுல நசுங்கிருச்சு" என்றாள் ஹெப்சிபா. அவர்கள் சிரித்துக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனசுக்குள் ஏதோ நெருடியது. என்ன என்று அப்போது அவளுக்குப் பிடிபடவில்லை.

கிறிஸ்மஸ் அன்று காலை ஆராதனை முடிகிற நேரத்தில் மெர்வினின் போன் அடிக்கத் தொடங்கியது. அவன் வாசலில் வேன் மேல் சாய்ந்து நின்றான். உள்ளே ஹெப்சிபாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"எங்க? சத்திரப்பட்டி ரோட்டுலயா? இரு வாரேன்."

வண்டியைக் கிளப்பும் முன்னால் அடுத்த போன். "வத்ராப்பா? அவளேதானா? செவத்தவளா? ஏலே, ஜெனிலா கறுப்புலே!" வைத்ததும் அடுத்தது. ராஜபாளையத்தில் ஒரு பிள்ளை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று. ஒரே கோயிலில் இரண்டு. கடைசியில் போன் செய்தவனை அம்மாவைச் சேர்த்துத் திட்டினான். எதிர்வீட்டுப் படியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த பெண் பயந்து எழுந்து உள்ளே போனாள். அவள் பிள்ளையின் தொப்பியிலும் அதே முடிச்சு இருந்ததை அவன் அப்போதுதான் பார்த்தான்.

திரும்பி வீட்டைப் பார்த்தான். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்ற தங்கச்சியைப் பார்த்தான்.

"நீயாட்டி?"

ஹெப்சிபா கதவைத் தாழ் போட்டிருந்தாள். அவன் உதைத்த உதையில் தாழ்ப்பாள் வளைந்தது. ஆனால் போன் மறுபடியும் அடித்தது. கேட்டான். "வத்ராப் பஸ்ஸுக்கா நிக்காக?" என்றான். முகம் மாறியது. வேனில் ஏறினான். ஜாக்கி லிவரைப் பக்கத்து சீட்டில் வைத்ததை அவள் பார்த்தாள்.

நண்பகலில் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "ஏசம்மா, ஒம் மவன ஸ்ரீவில்லிபுத்தூர்ல கட்டி வச்சு அடிக்காகளாம்! இவன் எவனோ ஒருத்தன் மண்டைய ஒடச்சுட்டானாம்!"

அம்மாவும் மகளும் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது அடி முடிந்துவிட்டிருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிற கூரையின் இரும்புத் தூணில், யாரோ கழற்றிக் கொடுத்த வேட்டியால் மெர்வினைக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. உதடு இரண்டாகப் பிளந்து தொங்கியது. ஒரு கை, கை இருக்க வேண்டிய திசையில் இல்லை. சுற்றி நின்றவர்களின் புதுச் சட்டைகளில் ரத்தத் துளிகள். போலீஸ்காரர்கள் வேட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஏசம்மாள் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

நடந்ததைக் கூட்டமே சொன்னது. வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு ஒரு புருஷன் பெண்சாதி பிள்ளையோடு நின்றிருக்கிறார்கள். இவன் வந்து, "ஜெனிலா பிள்ளைய எங்கலே தூக்கிட்டுப் போற?" என்று பிள்ளையின் தொப்பியைப் பிடுங்கியிருக்கிறான். அந்த ஆள் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியிருக்கிறான். உடனே லிவர் இறங்கிவிட்டது. ஒரு தடவை இல்லை. ஆள் விழுந்த பிறகும் இறங்கியிருக்கிறது.

தரையில் கிடந்த தொப்பியை ஒரு போலீஸ்காரர் எடுத்து நெகிழிப் பையில் போட்டார். மூன்றாவது சிப்பியில் முடிச்சு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கேத்ரின் சுவரோரம் நின்றாள். புடவையில் காய்ந்த ரத்தம். அவள் இடுப்பிலிருந்த பிள்ளையின் வெள்ளை ஓரமும் சிவந்திருந்தது. உள்ளே பாண்டிச்செல்வத்துக்குத் தலையில் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் ஒரு காது கேட்பது சந்தேகம் என்று யாரோ சொன்னார்கள்.

ஹெப்சிபாவைப் பார்த்ததும் கேத்ரின் அழுதாள். "வந்துட்டியளாக்கா? யாருன்னே தெரியாதுக்கா அவன. எம் பிள்ளையப் பாத்து யாரு பேரையோ சொல்லுதான். தொப்பியத்தான்க்கா மொதல்ல புடுங்குனான். எதுக்குக்கா?"

அன்று நெருடியது என்ன என்று இப்போது ஹெப்சிபாவுக்குப் பிடிபட்டது. கூட்டத்துக்குள் ஒரு பிள்ளையை ஒளித்து வைக்கலாம் என்று கணக்குப் போட்டவள், கூட்டத்தில் இருக்கிற ஒவ்வொன்றும் ஒருத்தி பெற்ற பிள்ளை என்பதைக் கணக்கில் எடுக்கவேயில்லை. படித்தது இதற்குத்தானா? தான் அடி வாங்காமல், அக்கா அடி வாங்காமல், அடியை ஊர் முழுக்கப் பங்கு வைத்துக் கொடுத்தாளா? 'பாவம், என்னவோ தெரியலையே' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். கேத்ரின் நம்புவாள். கதவுக்குப் பின்னால் நிற்பது ஹெப்சிபாவுக்குப் பழக்கம்தான்.

"அவன் என் அண்ணன்," என்றாள். "எங்க அக்காளத் தேடுதான், கொல்லுததுக்கு. அந்த முடிச்சு எங்க வீட்டு அடையாளம். எங்க அக்கா பிள்ளையக் கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னு எல்லாருக்கும் போட்டேன். ஒங்களுக்கும் போட்டேன்."

கேத்ரின் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, முழுக் கையையும் வீசி அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். மெர்வினின் கை ஓங்கும்போதெல்லாம் தானாகவே குனிந்துவிடும் ஹெப்சிபாவின் தலை, இப்போது குனியவில்லை.

"போ. என் கண்ணு முன்னால நிக்காத," என்றாள் கேத்ரின். "இதையெல்லாம் போலீசுல போய்ச் சொல்லு. ஒனக்குத் தெம்பிருந்தா சொல்லு."

சொன்னாள். அன்று மாலையே ஸ்டேஷனில் உட்கார்ந்து முடிச்சில் தொடங்கிச் சொன்னாள். தென்னை மட்டை முறிகிற சத்தத்தைச் சொன்னாள். வாட்ஸ்அப் குழுவைச் சொன்னாள். கட்டை அவிழ்த்து, வீங்கிக் கறுத்த விரலை, எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸின் மேசை மேல் வைத்தாள். "இதுக்கும் சேத்துக் கேஸ் குடுக்கியா? கூடப் பொறந்தவன்மேலயா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "ஆமா" என்றாள்.

வெளியே ஏசம்மாள் நின்றிருந்தாள்.

"ரெண்டும் வேணும்னுதான கேட்டேன்," என்றாள். "என் வீட்டுப் படி ஏறாத."

மெர்வினை ரிமாண்டில் கொண்டுபோன பிறகு ஹெப்சிபா வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினாள். நல்ல வெயில். முன் சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை. விரல் வலித்தது.

கான்சாபுரத்தில் மாந்தோப்பு வாசலில் ஜெனிலா பிள்ளையோடு நின்றாள். பாலகணேஷ் காலை இழுத்துக்கொண்டு வந்து ஹெப்சிபாவின் பையை வாங்கிக்கொண்டான். பிள்ளை சிவப்புக் கவுன் போட்டிருந்தது. தலை வெறுமையாக இருந்தது.

"தொப்பி எங்கேயோ விழுந்துட்டுட்டி," என்றாள் ஜெனிலா. "வேற ஒண்ணு பின்னித் தாரியா?"

"தாரேன்."

"அதே முடிச்சுப் போட்டுத் தா."

ஹெப்சிபா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அதன் கவுன் ஓரத்தில் சிப்பியைத் தடவினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் விரலை வைக்க அவளால் முடியவில்லை.

"அது வேண்டாம்க்கா," என்றாள். "ஒரு ஆளுக்கு ஒரு காது கேக்காமப் போச்சு."